மெதுவானவள் முன்னால்

இந்தக் காலத்து மனிதர்களுக்கு வீட்டில் உட்கார்ந்தால் உடம்பில் முள் குத்துகிறது. பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது, கூப்பிட்டால் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளக் கார் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு, முதுகு வளைந்து, நாக்குத் தள்ள, சைக்கிளை மிதித்தே கடல் வரைக்கும் போகிறேன் என்கிறார்கள். தனியாகவும் போவதில்லை, கூட்டம் சேர்க்கிறார்கள். ஒருவன் பள்ளத்தில் விழுந்தால் அது விபத்து. ஆறு பேர் வரிசையாக விழுந்தால் அதற்குப் பெயர் பயணமாம்.

டிரைவருக்கு இந்தக் கூட்டங்களைக் கண்டாலே ஆகாது. முன்பெல்லாம் தெருவில் பார்த்துத் திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். இப்போது திட்டுவதற்கு வாசலைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அவர் மனைவியே அந்தக் கூட்டத்தில் சேர்ந்திருந்தாள்.

அவர் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டியே தலை நரைத்தவர். ஸ்டீயரிங்கை விட்டு வருஷங்கள் ஆகியும் ஊர் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறது. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது கால் பிரேக்கைத் தேடும். மனைவியை ஊர் ரொட்டிக்காரி என்கிறது. விடிவதற்கு முன்னால் பேக்கரியிலிருந்து சூடாக ரொட்டியை வாங்கி, சைக்கிளின் முன்கூடையில் அடுக்கி, வீடு வீடாகப் போட்டு வந்தவள். பேக்கரிக்காரர் வேன் வாங்கியதும் வேலை போயிற்று. சைக்கிள் மட்டும் கூடையோடு வீட்டில் நின்றது. அது நின்ற இடத்திலேயே துருப்பிடித்துச் செத்துப்போகும் என்று டிரைவர் நினைத்திருந்தார். அவள் அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, புது டயர் மாட்டியபோதே அவர் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

முன்னறை முழுவதும் பைகள். சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தொங்கவிடுகிற பைகள் இரண்டு, கேரியரில் கட்டுகிற உருளைப் பை ஒன்று. அவள் தரையில் உட்கார்ந்து துணிகளைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே திணித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடல் எங்கேயும் ஓடிப்போயிடாது,” என்றார். “ரயில்ல போய்ப் பார்த்துட்டு வா. ஜன்னலோர சீட்டு நானே பிடிச்சுத் தரேன்.”

“கடலைப் பார்க்கணும்னு யார் சொன்னா?”

“அப்புறம் எதுக்குப் போறே?”

அவள் ஒரு சட்டையை முழங்காலில் வைத்துச் சுருட்டி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். “இத்தனை வருஷம் மிதிச்சிருக்கேன். அத்தனை தூரத்தையும் நேரா இழுத்துப் போட்டா உலகத்தையே ஒரு சுத்து சுத்தியிருக்கும். ஆனா எல்லாமே இந்த நாலு தெருவையே வளைச்சு வளைச்சு, கடைசியில பேக்கரி வாசல்லயே வந்து நின்னுச்சு. ஒரே ஒரு தடவை நேராப் போறேன். வளையாம.”

“ரோடு எங்கேயாவது வளையாம இருக்குதா? ஓட்டினவன் நான் சொல்றேன்.”

“ரோடு வளையட்டும். நான் வீட்டுக்குத் திரும்பாம இருந்தாப் போதும்.” சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். “ரெண்டு வாரத்துக்குத்தான். அப்புறம் ரயில்ல வந்துடுவேன். அந்த ஜன்னலோர சீட்டை அப்பப் பிடிச்சுக் குடுங்க.”

டிரைவர் வேறு பக்கமாக வந்தார். “லாரிக்காரனுக்கு சைக்கிள் எப்படித் தெரியும் தெரியுமா உனக்கு? கண்ணாடியில ஒட்டின கொசு மாதிரி. துடைச்சு விட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பான்.”

“நீங்க அப்படியா ஓட்டினீங்க?”

“நான் ஓட்டினதைக் கேட்காதே. மத்தவன் ஓட்டுறதைச் சொல்றேன்.”

அவள் பையின் வாயை இழுத்துக் கட்டினாள். அந்தப் பேச்சும் அத்தோடு கட்டப்பட்டுவிட்டது.

டிரைவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. கூட்டத்தின் தலைவி ஒரு நர்சம்மா. ஆபரேஷன் ஆன மறுநாளே நோயாளியைத் தூக்கி நிறுத்தி, நட என்று சொல்கிற வகை. அவள் சட்டம் போட்டிருந்தாள். வழித்துணைக்கு வேன் கிடையாது, அவரவர் சுமையை அவரவரே சுமக்க வேண்டும். அந்தச் சுமையை முழுவதும் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி மேட்டில் காலை ஊன்றாமல் ஏற வேண்டும். ஒரு தடவை ஊன்றினால் மறுபடி முயற்சி செய்யலாம். இரண்டாம் தடவையும் ஊன்றினால் வீட்டில் இருந்துகொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அதைக் கேட்டபோது டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். வரிசையில் மெதுவாகப் போகிறவர்தான் எல்லாருக்கும் முன்னால் போக வேண்டும். யாரும் அவரைத் தாண்டக் கூடாது. அவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும், அவர் மேட்டிலிருந்து இறங்கினால் எல்லாரும் இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

“லாரிக் கூட்டம் போனா மெதுவான வண்டி கடைசியில வரும். அதுதானே முறை,” என்றார் மனைவியிடம்.

“கடைசியில வர்ற வண்டி தொலைஞ்சு போனா யாருக்குத் தெரியும்?” என்று அவள் கேட்டாள்.

கூட்டத்திலேயே மெதுவானவள் அவள்தான். வயதும் எல்லாரையும்விட அதிகம், சைக்கிளும் கனம். அதனால் அவள்தான் முன்னால். அவள் கால் ஊன்றினால் ஆறு பேர் காலும் ஊன்றும். அது அவளுக்குத் தெரியும், இரவில் புரண்டு புரண்டு படுத்ததிலிருந்து டிரைவருக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை மதியம் அவள் மழைக்கோட்டு வாங்கிவர மகள் வீட்டுக்குப் போனாள். சைக்கிள் பைகளோடு முன்னறையில் ஸ்டாண்டு போட்டு நின்றது. டிரைவர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு பைகளைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். துணி, சோப்பு, துண்டு, ஒரு சின்ன காற்றடிக்கும் பம்பு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்பானர், மருந்து டப்பா. அவ்வளவுதான். இதை நம்பி நெடுஞ்சாலையில் இறங்குகிறாளாம். மளிகைக் கடைக்குப் போகிறவள்கூட இதைவிட அதிகம் கொண்டு போவாள்.

கட்டிலுக்கு அடியில் அவருடைய தகரப் பெட்டி இருந்தது. லாரியை விட்டு இறங்கியபோது கொண்டு வந்தது. அதைத் திறந்தார். சக்கரத்துக்கு அணை கொடுக்கிற முக்கோணக் கட்டையை முதலில் எடுத்தார். மேட்டில் வண்டியை நிறுத்தினால் கட்டை வேண்டும், அதில் பேச்சே இல்லை. அடுத்தது இரும்புச் சங்கிலியும் பூட்டும். திருடன் எந்த ஊரில் இல்லை? பிறகு தார்ப்பாய்க் கயிறு ஒரு சுருள், முழங்கை நீளத்தில் ஒரு ஸ்பானர், பெரிய பேட்டரிகள் போட்ட டார்ச்சு, ஒரு டப்பா கிரீஸ். எல்லாவற்றையும் பழைய துணியில் சுற்றி, பைகளின் அடியில், அவள் துணிகளுக்குக் கீழே இறுக்கி வைத்தார். லாரியில் சுமை பின்சக்கர அச்சின் மேல் உட்கார வேண்டும், முன்னால் கனம் போனால் ஸ்டீயரிங் திரும்பாது. இதுவும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டார். சைக்கிளுக்கு அச்சு இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, வேறென்ன?

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எடுத்துவிடுவாள். அது ஒன்றுதான் காரணம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஞாயிறு காலை ஸ்டாண்டிலிருந்து இறக்கியபோது சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவளை இழுத்தது. “முழுச் சுமையோட இப்பத்தானே தொடுறேன். இப்படித்தான் இருக்கும் போல,” என்று சொல்லி நிமிர்த்திக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பியதும் டிரைவர் செருப்பை மாட்டினார். காலாற நடந்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினார். கால்கள் நேராக பஸ் நிறுத்தத்துக்குப் போயின. பஸ் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போயிற்று.

மேட்டின் நடுவில் ஒரு வளைவு, அங்கே ஒரு சின்னக் கைப்பிடிச் சுவர். அதில் உட்கார்ந்தார். கீழே அவர்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது. முன்னால் ரொட்டிக்காரி. அவளுக்குப் பின்னால் சலூன்காரர், கத்தரிக்கோலைவிட வாய் வேகமாக ஓடுகிற மனிதர். நடுவில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும் ஒரு எலக்ட்ரீஷியனும். கடைசியில் விசிலோடு நர்சம்மா.

விசில் ஒலித்தது. வரிசை ஏறத் தொடங்கியது.

அவள் நன்றாகத்தான் மிதித்தாள். உட்கார்ந்தபடியே, தோளை ஆட்டாமல், ரொட்டி போட்ட காலத்தில் மிதித்த மாதிரி. ஆனால் சரிவு கூடக் கூட முன்சக்கரம் அவள் சொன்னபடி கேட்கவில்லை. இடப்பக்கம் திரும்பியது, இழுத்தாள். வலப்பக்கம் திரும்பியது. பின்னால் இருந்த கனம் சைக்கிளைப் பிடித்துக் கீழே இழுக்க, முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஆடியது. வளைவுக்குக் கொஞ்சம் கீழே சைக்கிள் ஒருமுறை சாலையின் நடுவரைக்கும் போய்விட்டது. அவள் காலை ஊன்றினாள்.

டிரைவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இன்னொரு தடவை இப்படி ஆனால் போதும், வீட்டில் இருப்பாள். அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு இழுக்கிற நேரம் இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக அல்ல. நம்பிக் கொடுத்த பொருளைக் காணோம் என்றால் பார்க்கிற மாதிரி.

வரிசை முழுவதும் இறங்கியது. டிரைவரும் எழுந்து இறங்கினார்.

அடிவாரத்தில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது போல. “எனக்குக் கால் போயிடுச்சு,” என்று நர்சம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “போன வாரம் சுமையில்லாம இதே மேட்டுல ஏறினேன். இன்னிக்குக் கால்ல பலம் இல்ல. நீங்க வேணா என்னை விட்டுட்டு…”

“கால்ல ஒண்ணும் இல்ல,” என்றார் டிரைவர், பின்னால் வந்து நின்று. “பையில இருக்கு. நான்தான் வச்சேன். எடுத்துடுங்க.”

எல்லாரும் திரும்பினார்கள். அவர் தாமே குந்தி உட்கார்ந்து பையை அவிழ்த்தார். கயிறு வந்தது, ஸ்பானர் வந்தது, சங்கிலி சலசலவென்று வந்தது. கடைசியில் கட்டையை எடுத்துத் தார்ச்சாலையில் வைத்தார்.

சலூன்காரருக்குப் பொறுக்கவில்லை. “மாமா, கட்டை எதுக்கு? அக்கா தூங்கும்போது உருண்டு ஓடிடக் கூடாதுன்னா?”

ஜோடி சிரித்தது. எலக்ட்ரீஷியன் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார். “இதைப் போட்டுப் பூட்டினா திருடன் சைக்கிளைத் தூக்க மாட்டான் சார். அவனுக்கும் இடுப்பு இருக்குல்ல.”

ரொட்டிக்காரி சிரிக்கவில்லை. “என்னைப் போகவிடாமப் பண்ணத்தானே வச்சீங்க?”

“போகாதேன்னா வாயால சொல்வேன். சொன்னேன். ஒளிச்சு வச்சுத் தடுக்கிற ஆளா நான்?”

“ஒளிச்சுத்தானே வச்சிருக்கீங்க.”

டிரைவர் கயிற்றைச் சுருளாகச் சுற்றத் தொடங்கினார்.

நர்சம்மா முடிவாகச் சொன்னாள். “இது அவங்க சுமை இல்ல. அதனால முதல் தடவை கணக்குல வராது. இதையெல்லாம் இங்கேயே வச்சுட்டு மறுபடி ஏறலாம். ஐயா வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும்.”

“வேண்டாம்,” என்றாள் ரொட்டிக்காரி.

“எது வேண்டாம்?”

“எதையும் இறக்க வேண்டாம். ஏத்தினது ஏத்தினதுதான்.” அவள் கட்டையைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். “போற வழியில இவங்கள்ல ஒருத்தருக்குக் காய்ச்சல் வரும். அவங்க பையை யார் தூக்குறது? வேன்தான் இல்லையே. என் பங்கு இவ்வளவு கனம் இருக்கும். அது இப்பவே வந்துடுச்சுன்னு வச்சுக்கறேன். இதோட ஏற முடியலைன்னா நான் வர்றதும் ஒண்ணுதான், வராததும் ஒண்ணுதான்.”

“இன்னொரு தடவை ஊனினா அவ்வளவுதான்க்கா,” என்றார் சலூன்காரர். இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை. “சும்மா வீம்புக்குப் போய்…”

“வீம்புதான்.”

டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அதான் நானே எடுத்துட்டேன்ல. பேசாமப் போயேன்.”

“நீங்க வைக்கிறப்பவும் என்னைக் கேட்கல. எடுக்கிறப்பவும் கேட்கல,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அவரை விட்டுவிட்டு சைக்கிளைப் பார்த்தாள்.

கைப்பிடியைப் பிடித்து முன்பக்கத்தைத் தூக்கினாள், காகிதம் மாதிரி எழுந்தது. பின்பக்கத்தைத் தூக்கப் பார்த்தாள், அசையவில்லை. முன்கூடை காலியாக இருந்தது. தண்ணீர் பாட்டிலும் ஒரு வாழைப்பழமும் மட்டும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சங்கிலியைக் கூடையின் அடியில் வட்டமாகச் சுற்றி வைத்தாள். அதன் மேல் ஸ்பானர், அதன் மேல் கிரீஸ் டப்பா, இடுக்கில் டார்ச்சு. கட்டையைத் துணியில் சுற்றி நடுவில் செருகினாள். கயிற்றை மட்டும் பழையபடி பின்பையிலேயே போட்டாள். கூடையை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தாள். ரொட்டி சரியாமல் இருக்கிறதா என்று பார்க்கிற அதே ஆட்டல்.

“இறக்கல. இடம்தான் மாத்தினேன்,” என்றாள் நர்சம்மாவிடம். “சட்டத்துல இருக்கா?”

“இல்ல.” நர்சம்மா விசிலை வாயில் வைத்துக்கொண்டாள்.

வரிசை மறுபடி ஏறியது. இந்தத் தடவை முன்சக்கரம் தரையை விடவில்லை. ஆனால் கனம் கனம்தான், அது எங்கே உட்கார்ந்தாலும் காலைத்தான் கேட்கும். சைக்கிள் எவ்வளவு மெதுவாகப் போயிற்று என்றால், பக்கத்தில் நடந்து போகலாம். நடக்கக் கூடாது என்று டிரைவர் நினைத்தார். வரிசைக்குப் பின்னால் பத்தடி விட்டு நடந்துகொண்டே அப்படி நினைத்தார். பின்னால் வந்த ஐந்து பேரும் அவள் வேகத்துக்குத் தங்கள் வேகத்தைக் கட்டிப்போட்டுக்கொண்டு வந்தார்கள். இளம் ஜோடிக்கு அது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கணவனின் சைக்கிள் நெளிந்தது, மனைவி பல்லைக் கடித்தாள். ஆனாலும் யாரும் தாண்டவில்லை.

வளைவு நெருங்கியபோது டிரைவருக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கென்றே அவருக்குத் தனிக் காது இருக்கிறது. சிமெண்டு லாரி, முழுச் சுமை, மேட்டுக்காக வேகம் பிடித்து வருகிறான். வேகம் குறைந்தால் மறுபடி எடுக்க முடியாது, அதனால் நிறுத்த மாட்டான். ஹாரனை அடித்துக்கொண்டே வளைவுக்குள் நுழைவான். வளைவில் ரோடு குறுகல். ஹாரன் சத்தத்தில் முன்னால் போகிறவள் ஒதுங்குவாள், ஒதுங்கினால் கால் ஊன்றும்.

டிரைவர் நடு ரோட்டில் போய் நின்று கையைத் தூக்கினார்.

லாரி கத்திக்கொண்டே வந்து, பெருமூச்சு விட்டு, அவர் நெஞ்சுக்கு எதிரே நின்றது. ஜன்னல் வழியாக ஒரு தலை வந்தது.

“யோவ் பெருசு, சாகணும்னா வேற வண்டியைப் பாருய்யா. இது மேட்டுல நின்னா கிளம்பாது.”

“கிளம்பும். ஒண்ணாவது கியர்ல போடு. கிளச்சை மெதுவா விடு.”

“ஓட்டக் கத்துக் குடுக்கறியா எனக்கு?”

“நிக்கக் கத்துக் குடுக்கறேன். முன்னாடி என் வீட்டம்மா போறா. வளைவு தாண்டட்டும்.”

லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். “எது, அந்தக் கூடை வச்ச சைக்கிளா? அது தாண்டுறதுக்குள்ள சிமெண்டு இறுகிடும்யா.”

“இறுகட்டும்.”

அவன் ஹாரன் பக்கம் கையை நீட்டினான். டிரைவர் ஒன்றும் சொல்லாமல் ஓரடி முன்னால் வந்து பம்பரில் கையை வைத்துக்கொண்டார். அவன் கையை இழுத்துக்கொண்டு, அவர் குடும்பத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னான். டிரைவர் அவற்றைவிட நல்ல வார்த்தைகள் அறிந்தவர், ஆனால் அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடை வளைவுக்குள் போயிற்று. சலூன்காரரின் முதுகு போயிற்று. ஜோடி போயிற்று. கடைசியில் நர்சம்மா மறைந்தாள். அவர் ஒதுங்கினார். லாரி ஒன்றாவது கியரில் முனகிக்கொண்டு கிளம்பியது.

அவர் மேலே போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் தொட்டியின் நிழலில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு நின்றார்கள். ரொட்டிக்காரி மட்டும் சைக்கிளை விட்டு இன்னும் இறங்கவில்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, பெடலிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஊன்ற மனசில்லை போல.

“இறங்கலாம்க்கா, மேடு முடிஞ்சுபோச்சு,” என்று சலூன்காரர் கெஞ்சினார்.

நர்சம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். “வெள்ளிக்கிழமை விடிகாலையில கிளம்பறோம்,” என்றாள். “நீங்கதான் முன்னால.”

அவள் அப்போதுதான் காலை ஊன்றினாள். வாழைப்பழத்தை எடுத்து உரித்து, பாதியை டிரைவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“இன்னிக்கு நான் நின்னேன்,” என்றார். “கடல் வரைக்கும் இப்படி எத்தனை வளைவு இருக்கு? அங்கெல்லாம் எவன் நிப்பான்?”

நர்சம்மா விசிலைக் கையில் உருட்டினாள். அவள் சட்டத்தில் அதற்கு இடம் இல்லை.

“யாரும் நிக்க மாட்டாங்க,” என்றாள் ரொட்டிக்காரி. பழத்தை மென்று விழுங்கினாள். “பயம் இருக்கு. இல்லைன்னு சொல்லல. ஓரமாப் போவேன். ஒதுங்கணும்னா ஒதுங்குவேன். அங்க கால் ஊனலாம், யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. ஊனிட்டு மறுபடி ஏறிக்குவேன்.”

“இதெல்லாம் ஒரு பதிலா?”

“இல்ல. என்கிட்ட இதுதான் இருக்கு.”

“ஒரு மேடு ஏறிட்டா ஆச்சா? இறக்கம் இருக்கு. எதிர்க்காத்து இருக்கு. மழை இருக்கு. தூங்கிக்கிட்டே ஓட்டுற டிரைவருங்க இருக்காங்க, கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குவானுங்க. நான் ஒண்ணையும் ஒத்துக்கல.”

“நீங்க ஒத்துக்க வேண்டாம்,” என்றாள். “வாங்க, ஒண்ணா இறங்கலாம். நான் தள்ளிக்கிட்டே வரேன்.”

“நீ உன் கூட்டத்தோட வா. மெதுவானவங்கதானே முன்னால போகணும். நான் போறேன்.”

திரும்பி நடந்தார். பஸ் ஒன்று வந்து நின்று அவருக்காகக் கதவைத் திறந்தது, கையை ஆட்டிப் போகச் சொன்னார். சாலையின் வலது ஓரத்தில், வண்டிகளுக்கு எதிர்முகமாக நடந்தார். மேட்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்று நெருங்கும்போதும் கண்ணாடிக்கு உள்ளே இருந்த முகத்தை உற்றுப் பார்த்தார். ஒருவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். ஒருவன் கொட்டாவி விட்டான். ஒருவன் நேராகப் பார்த்து ஒழுங்காகத்தான் ஓட்டினான், அவனையும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அடிவாரம் வரைக்கும் ஒரு முகத்தையும் விடவில்லை. ஒரு முகத்தின் மீதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.